இரண்டாவது கையுறை

என் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் பதினோரு காலுறைகள் இருக்கின்றன. பதினொன்றும் நான் கம்பளி நூலில் பின்னியவை. அவற்றில் ஒன்றுக்குக்கூட ஜோடி கிடையாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகத் தையல் டீச்சர். எங்கள் பயிற்சியில் கம்பளிப் பின்னலும் ஒரு பாடம். சித்திரை வெயிலில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊரில் கம்பளிக் காலுறை யாருக்கு என்று கேட்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. பரீட்சைக்கு ரெக்கார்டு நோட்டில் ஒரு காலுறையை ஒட்டிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நோட்டில் ஒட்ட எதற்கு இரண்டு? சட்டைக் காலரில் பாதி, பித்தான் துளை இரண்டு, பாவாடை மடிப்பு நாலு அங்குலம், காலுறை ஒன்று. எல்லாமே மாதிரி. மாதிரிக்கு மார்க் வாங்கி, மாதிரியைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கி, நீயும் ஒரு மாதிரியாகவே ஆகிவிட்டாய் என்று என் கணவர் சொல்வார்.

அவர் சொல்வதில் தப்பில்லை. முதல் காலுறையை ஆசை ஆசையாகத் தொடங்குவேன். குதிகால் திரும்பும் இடத்தில் ஒரு பெருமை வரும். முடித்துக் கையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் காட்டுவேன். இரண்டாவதை நினைத்தாலோ கொட்டாவி வந்துவிடும். செய்ததையே திரும்பச் செய்வதில் என்ன இருக்கிறது? வீட்டில் எனக்கு அரைக்கிணறு என்றே பெயர். அரைக்கிணறு தாண்டுகிறவள் என்பதன் சுருக்கம்.

என் கணவர் அர்ச்சகர். உத்திரமேரூரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில் சின்னப் பெருமாள் கோயில். ஒரு கால பூஜை. காலையில் நடை திறந்து, பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்து, வஸ்திரம் சாற்றி, துளசியால் அர்ச்சனை செய்து, நைவேத்தியமாகத் தளிகை காட்டி, பத்து மணிக்குள் நடை சாத்த வேண்டும். முப்பது வருஷமாக இதுதான். புயலடித்து ரோட்டில் மரம் விழுந்த அன்றைக்குக்கூட வண்டியை வரப்பு வழியே தள்ளிக்கொண்டு போனவர்.

போன ஆனியில் அவருக்குக் குடலில் கட்டி என்று தெரிந்தது. காஞ்சிபுரத்தில் ஆபரேஷன் ஆயிற்று. அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக எட்டு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். டாக்டர் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட என் கணவர் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“மார்கழிக்குள்ள முடிஞ்சுடுமா?”

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மார்கழி முப்பது நாளும் பொழுது விடியுமுன் நடை திறக்க வேண்டும். மற்ற மாதங்களில் அவருக்கு முடியாத நாளில் தென்னேரியிலிருந்து அவருடைய பெரியப்பா பிள்ளை வந்து பார்த்துக்கொள்வார். மார்கழியை மட்டும் இவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. இந்த மார்கழியையும் தன் கையாலேயே செய்துவிட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அதுதான். பிழைப்பது அவருக்கு அடுத்தபடிதான் என்று அன்றைக்குத் தெரிந்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

முதல் தடவை மருந்து ஏற்றி முடித்ததும் ஒரு நர்ஸ் பெண் எங்களை உட்கார வைத்துப் பேசினாள். “சார், கொஞ்ச நாளைக்கு ஜில்லுன்னு எதையும் தொடாதீங்க. பச்சத் தண்ணி, இரும்பு, கல்லுத் தரை எதுவும் வேணாம். முள்ளு குத்தற மாதிரி இருக்கும். காலுக்கு சாக்ஸ், கைக்கு க்ளவுஸ் போட்டுக்கோங்க.” அதற்குப் பிறகும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சாக்ஸ், க்ளவுஸ் என்ற வார்த்தைகள் காதில் விழுந்ததுமே என் மனசு எத்தனை கண்ணி ஏற்றலாம் என்று கணக்குப் போடப் போய்விட்டது. கண்ணி என்றால் பின்னும் கம்பியில் ஏற்றும் நூல் வளையம். இந்த வியாதியில் எனக்கென்றும் ஒரு வேலை இருக்கிறதே என்ற சந்தோஷம் அது. மற்ற எல்லாவற்றுக்கும் டாக்டர் வேண்டும், மருந்து வேண்டும், பெருமாள் வேண்டும். இதற்கு நான் போதும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அவர் பித்தளைச் சொம்பை எடுத்தார், எடுத்த வேகத்தில் கீழே போட்டார். நெருஞ்சி முள் மூட்டையில் கையை விட்ட மாதிரி இருக்கிறது என்றார். ஆவணி மாதம். மின்விசிறிக்குக் கீழேயே எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் குத்தியது, குழாய்த் தண்ணீர் குத்தியது, எவர்சில்வர் தட்டு குத்தியது. ஒவ்வொன்றாக அவர் தொட்டுத் தொட்டுக் கையை இழுத்துக்கொள்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புனேயில் இருக்கும் எங்கள் பெண் போனில் அழுதாள். அழாதே என்று அவளை அதட்டினேன். அதட்டுவது எனக்கு வரும். வேறென்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

காலுறையில்தான் ஆரம்பித்தேன். பஜாரில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் பச்சை நிறத்தில் இரண்டு பந்து நூல் கிடைத்தது. ஒரு வாரத்தில் ஒன்றை முடித்தேன். வழக்கம்போல இரண்டாவதில் கணுக்கால் வரை வந்து நின்றேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் காலுறையை அரை மணி நேரம் வலது காலில் போட்டுக்கொள்வார். அப்புறம் கழற்றி அரை மணி நேரம் இடது காலில்.

“ரெண்டு காலுக்கும் சண்டை வந்துடக் கூடாது பாரு” என்பார்.

கோயிலுக்குள் காலில் எதையும் போட மாட்டேன் என்று முதலிலேயே தீர்த்துச் சொல்லிவிட்டார். கால் எப்படியோ போகட்டும், கைதான் முக்கியம். சந்நிதிப் பூட்டு, கதவு, மணி, குடம், தீபக்கால் எல்லாமே பித்தளையும் இரும்பும். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஒரு கையுறை இருந்தால் பூட்டையும் பிடிக்கலாம், துளசியையும் கிள்ளலாம். விக்கிரகத்தைத் தொடும்போது மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாம். இப்படி நான் யோசித்து அவரிடம் சொன்னேன்.

“கம்பளிக்குத் தீட்டு இல்ல. கையுறை கூடாதுன்னு நான் எங்கேயும் படிக்கல. பண்ணு.”

மிச்சமிருந்த பச்சை நூலை எடுத்தேன். அவர் அதில் ஓர் இழையைக் கிள்ளி விளக்கில் காட்டினார். நூல் சுருண்டு, கருப்பு மணியாகத் திரண்டு விரலைச் சுட்டது. கம்பளி எரிந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும், பிளாஸ்டிக் எரிந்தால் உருகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம். அதையே எனக்கு அவர் நடத்திக் காட்டினார்.

“இது கம்பளி இல்ல டீச்சர். பக்கெட்டு.”

உத்திரமேரூரில் சுத்தக் கம்பளி நூலுக்கு எங்கே போவேன்? கடைசியில் பரணில் கிடந்தது அகப்பட்டது. அவருடைய அப்பா பத்ரி யாத்திரை போனபோது வாங்கிய பழுப்பு நிற மஃப்ளர். கையால் பின்னியது. ஒரு முனையில் கண்ணியைக் கண்டுபிடித்து இழுத்தேன். விறுவிறுவென்று பிரிந்தது. நடுவில் பூச்சி அரித்த இடங்களைக் கழித்துவிட்டு, வெந்நீரில் நனைத்து, நாற்காலி முதுகில் சுற்றிக் காயப்போட்டேன். இரண்டு சிட்டம் நூல் தேறியது. இரண்டு கையுறைக்குச் சரியாக வரும். தப்புப் பண்ண இடமில்லை.

தப்புத்தான் பண்ணினேன். எனக்குத் தெரிந்தது இரண்டு கம்பியில் பட்டையாகப் பின்னி, மடித்து, ஓரத்தைத் தைப்பது. அப்படியே ஒன்றை நாலே நாளில் முடித்து, அவர் கையில் மாட்டிவிட்டு, தலைதீபாவளி மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கையைத் திருப்பினார். சுண்டுவிரல் பக்கம் ஓடிய கோட்டைத் தடவினார்.

“தைச்சிருக்கியே.”

“தைக்காம பின்னே எப்படி மூடறது?”

“தைச்சதோட உள்ளே போறதில்லையேம்மா.”

எனக்கே தெரிந்த விஷயம். கர்ப்பகிருகத்துக்குள் தைத்த துணி கூடாது. அதனால்தான் வேட்டியும் உத்தரீயமும். முப்பது வருஷமாக அந்த வேட்டியைத் துவைத்துக் காயப்போடுகிறவள் நான். தையல் டீச்சர் புத்தி, தைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. “பெருமாள் உங்க கையைப் பார்ப்பாரா, என் தையலைப் பார்ப்பாரா?” என்று கத்தினேன். அவர் கையுறையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, “ரெண்டையும் பார்ப்பார்” என்றார். அந்த நிதானத்தோடு சண்டை போட முடியாது. அன்று மாலையே பிரித்தேன்.

தையலே இல்லாமல் குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் பின்ன நாலு கம்பி வேண்டும், இரண்டு பக்கமும் முனை வைத்தது. அது இந்த ஜில்லாவிலேயே கிடைக்காது. பஜார் சைக்கிள் கடைக்காரரிடம் போய் நாலு ஸ்போக்ஸ் கம்பி கேட்டேன்.

“இன்னா டீச்சரம்மா, ஊட்ல சைக்கிளே இல்ல. ஸ்போக்ஸு இன்னாத்துக்கு?”

“பின்றதுக்கு.”

“பின்றதுக்கா? யாருக்கு?”

அவருக்குக் கையுறை என்றதும் கிண்டலை நிறுத்திவிட்டார். “சாமிக்கு ஒடம்பு எப்டி கீது?” என்று கேட்டுக்கொண்டே நாலு கம்பியையும் ஒரே அளவாக வெட்டி, முனைகளை அரத்தால் ராவி, உப்புத் தாளில் தேய்த்து, தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தார். “குத்தாது. எட்த்துக்கினு போங்க. சாமி நல்லாயிடுவாரு.” அந்த மாதங்களில் சாமி நல்லாயிடுவார் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். கையில் எதையாவது கொடுத்துவிட்டுச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

போனில் யாரோ ஒரு வெளிநாட்டு அம்மாள் பின்னிக் காட்டும் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவள் பேசுவது ஒன்றும் விளங்காது. அவள் கை விளங்கியது. மூன்று கம்பிகளில் கண்ணி, நாலாவதால் பின்ன வேண்டும். முதல் இரண்டு நாள் முள்ளம்பன்றியைக் கையில் பிடித்த பாடுதான். கட்டைவிரலுக்கு ஒரு சந்து விட்டேன். கடைசியில் தொங்கும் நூல் முனையை உள்ளே மறைக்க வேண்டுமே, ஊசியில் கோத்தால் அதுவும் தையலாகிவிடுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அவரையே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, குரோஷா கொக்கியால் இழுத்துச் செருகினால் தையல் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள் வலது கையுறை முடிந்தது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு சந்நிதிப் பூட்டைத் திறந்தார். அன்றைக்கு நானும் போயிருந்தேன். பூட்டைத் திறந்துவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினார். திருமஞ்சனத்துக்குப் பால் கொண்டுவரும் ஊர்க்காரப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா சாமி, கைக்கு சொக்கா போட்டுக்கினு கீறீங்க?”

“ஆமாம்மா. டீச்சர் போட்டு அனுப்பினா.”

திருமஞ்சனத்துக்கு மட்டும் கையுறை உதவாது. கழற்றி வைத்துவிட்டுக் குடத்துத் தண்ணீரில் கைவிட்டே ஆக வேண்டும். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்கு அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு இழுப்பது கேட்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் நச்சரித்தேன். தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகச் சுட வைத்துக்கொள்ளக் கூடாதா? எத்தனையோ கோயிலில் குளிர் நாளில் செய்கிறார்களே?

“இது குளிர் நாளா? இந்தப் புழுக்கத்துல வெந்நீரை ஊத்தினா அவருக்கு வேர்க்காதா?”

தன் கையில் முள் குத்தாமல் இருக்கப் பெருமாளுக்கு வேர்க்க விடுவதா என்று நிஜமாகவே கேட்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

வலது கை முடிந்த அன்றே இடது கைக்குக் கண்ணி ஏற்றினேன். பொய் சொல்ல மாட்டேன், அதற்கப்புறம் அது ஐந்து வாரம் கம்பியிலேயே தொங்கியது. புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டம், நாலாவது தடவை மருந்து ஒத்துக்கொள்ளாமல் அவர் வாந்தியெடுத்துச் சுருண்டது, பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்று வரிசையாகக் காரணம் சொல்லலாம். ஆனால் காஞ்சிபுரம் பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்? மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது பக்கத்து நாற்காலியில் நாலைந்து மணி நேரம் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? பையில் கம்பி இருந்தது, நூல் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பழைய கொட்டாவிதான்.

அவர் வலது கையில் கையுறையும் இடது கையில் உத்தரீயத்தைச் சுருட்டிச் சுற்றிக்கொண்டும் சமாளித்தார். குடத்தின் விளிம்பைப் பிடிக்கும்போது உத்தரீயம் நழுவிவிடும். அப்போது ஸ்ஸ் என்பார். “உன் ரெக்கார்டு நோட்டுல ஒட்டிக்கோ என் கையை” என்று ஒரு நாள் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றும் ஒரு வாரம் ஆயிற்று எடுத்து உட்கார.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ஒரு நாள் அவர் நனைந்து வந்து இடது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊஞ்சலில் குனிந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. மூன்று நாள் வேறு வேலை பார்க்காமல் பின்னினேன். கட்டைவிரல் சந்தில் ஒரு கண்ணி நழுவி, பதினைந்து சுற்று பிரித்து, திரும்பப் பின்னினேன். கடைசிக் கண்ணியை மூடியபோது கையில் மிஞ்சிய நூல் ஒரு முழம்கூட இல்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் முடித்த முதல் ஜோடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்துப் பெண்ணுக்கு அனுப்பினேன். அரைக்கிணறு முழுக்கிணறு தாண்டிவிட்டது என்று அவள் பதில் போட்டாள்.

அந்த ஜோடி செய்த அதிசயத்தை நான் ஊரெல்லாம் சொன்னேன். ஏனென்றால் கார்த்திகையில் குளிர் குத்துவது அவருக்குக் குறைந்துகொண்டே வந்தது. சொம்பை எடுத்தால் ஸ்ஸ் என்பதில்லை. குழாய்த் தண்ணீரில் நேராகக் கைவைக்கிறார். ஆறாவது தடவை மருந்து ஏற்றி வந்த மறுநாள்கூட வெறுங்காலோடு கல்லில் நின்றார். “ஏன்னா, குத்தலையா?” என்று கேட்டால், “இல்லியே. உன் கையுறைதான்” என்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். சைக்கிள் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். பால்காரப் பெண்மணி கேட்காமலே அவளிடம் சொன்னேன்.

இந்தப் பெருமையில் மற்றதெல்லாம் என் கண்ணில் பட்டும் புத்தியில் படவில்லை. காப்பி டம்ளரை இரண்டு தடவை கை நழுவ விட்டார். பலவீனம் என்று நினைத்தேன். ஒரு நாள் கோயிலிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். வண்டியில் வரும்போது இன்னொன்று எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. “எனக்குத்தான் ஒற்றைக் காலுறைன்னா, உங்களுக்கு ஒற்றைச் செருப்பா?” என்று நான் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். அவரும் சிரித்தார்.

மார்கழி பிறந்தது. அவர் கேட்டபடியே பெருமாள் அவரை முதல் நாள் சந்நிதியில் நிறுத்தினார். அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விட்டதும் நானும் தினம் கூடப் போனேன். ஏரிப்பக்கத்துப் பனியில் வண்டியின் வெளிச்சம் பத்தடிக்கு மேல் தெரியாது. நான் பின்னால் உட்கார்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். கையுறை போட்ட இரண்டு கைகளும் ஹாண்டில்பாரில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே போவேன். வேறெதையும் அந்தப் பனியில் பார்க்க முடியாது, பார்க்க வேண்டியதும் இல்லை.

நான் சொல்ல வந்த காலை, மார்கழி பிறந்து பத்து நாள் கழித்து. திரைக்குப் பின்னால் திருமஞ்சனம் முடிந்து, திரை விலகியது. நான் கர்ப்பகிருகப் படிக்கு வெளியே, தூணோரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படியைத் தாண்டி எனக்கு இடமில்லை. அர்ச்சகர் பெண்டாட்டியானாலும் அவ்வளவுதான். பால்காரப் பெண்மணி தீர்த்தத்துக்காக எனக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். வேறு யாரும் இன்னும் வரவில்லை.

அர்ச்சனை தொடங்கியது. அவர் ஒரு நாமத்துக்கு ஓர் இலை என்று துளசியைத் தனித்தனியாகக் கிள்ளிச் சேர்ப்பவர். அன்றைக்குத் தட்டிலிருந்து குத்தாக அள்ளினார். பாதி வழியிலேயே சிந்தியது. திரும்ப அள்ளினார். குளிருக்கு அவசரப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரம் காட்டினார். தீர்த்த வட்டிலை இடது கையில் ஏந்திக்கொண்டு, வலது கையில் கரண்டியோடு வெளியே வந்தார்.

பால்காரப் பெண்மணி கையை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சாமி, ஒரு கை சொக்காவ உள்ளயே வுட்டுட்டு வந்துட்டீங்க?”

அவர் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். வெறுங்கை. திருமஞ்சனத்துக்குக் கழற்றியதை வலது கையில் மட்டும் திரும்பப் போட்டிருக்கிறார். பித்தளை வட்டில், மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் நிரம்பியது, அந்த வெறுங்கையில் இருந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை.

“போட்டுண்டேனே” என்றார். பொய்யில்லை. நிஜமாகவே போட்டுக்கொண்டதாக நினைத்திருக்கிறார்.

அப்போதுதான் அந்த நர்ஸ் பெண் சொன்னதன் மறுபாதி எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது. காதில் விழுந்து எங்கேயோ கிடந்தது எழுந்து வந்தது. “முதல்ல குத்தும். போகப் போகக் கை கால்ல உணர்ச்சி மரத்துப் போகலாம். பட்டன் போட முடியல, பொருள் நழுவுதுன்னா உடனே வந்து சொல்லணும், மருந்தோட அளவ மாத்தணும்.” அதைச் சொல்லும்போதுதான் நான் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

“எத்தனை நாளா?” என்று கேட்டேன்.

அவர் அவளுக்குத் தீர்த்தம் சாதித்தார். பாதி அவள் கையில், பாதி தரையில். பிறகு எனக்குச் சாதித்தார்.

“சொல்லுங்கோ. எத்தனை நாளா?”

“கார்த்திகையிலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா ஆஸ்பத்திரியிலே உட்கார வெச்சுடுவா, மார்கழி போயிடும். அப்புறம், நீ வேற ஊரெல்லாம் சொல்லிண்டிருந்தே. உன் முகத்தைப் பார்த்துண்டு எப்படிடீ சொல்றது?”

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இடது கை வலித்துக்கொண்டிருந்த ஐந்து வாரமும் அந்தக் கையுறை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்து கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, கதகதப்புத் தெரிய அந்தக் கையில் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. என் வாழ்நாளில் நான் முடித்த ஒரே இரண்டாவது இதுதான்.

அவர் வட்டிலை வைத்துவிட்டுக் கையுறையைத் தேட உள்ளே போனார். விளக்கின் மங்கலில் பீடத்தின் இடப்பக்கம் தடவினார். எனக்குப் படிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. வலப்பக்கம், தீபக்கால் அடியில், பழுப்பாகச் சுருண்டு கிடந்தது. நான் எழுந்து படியருகே போய் நின்றேன். எட்டி நாலு அடி வைத்தால் எடுத்துவிடலாம்.

“அங்கே இல்லை. உங்களுக்கு வலப்பக்கம். இன்னும் கீழே. தீபக்கால் கிட்டே.”

குனிந்தார். விரலால் கவ்வப் பார்த்தார். எடுத்தாயிற்று என்று நிமிர்ந்து பார்த்தார், கையில் ஒன்றும் இல்லை. திரும்பக் குனிந்தார். மறுபடியும் நழுவியது. பால்காரப் பெண்மணி, “ஐயோ சாமி” என்று வாய்க்குள் சொன்னாள். நான் வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தடவை அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை வைத்து அழுத்தி, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார்.

படிக்கு உள்ளே நின்று இடது கையை என் பக்கம் நீட்டினார். நான் வெளியே நின்று மாட்டிவிட்டேன். கட்டைவிரலைச் சந்துக்குள் நானே பிடித்து நுழைக்க வேண்டியிருந்தது. ஐஸில் வைத்ததுபோல் இருந்தது அந்தக் கை.

அவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

“அப்பா, இப்பதான் கதகதன்னு இருக்கு” என்றார்.

“இருக்காதா பின்னே? சுத்தக் கம்பளியாச்சே” என்றேன் நான்.